இருளிற் படி காட்டும் பூச்சு

மாடிக் கட்டிடம் ஒன்றில் இரவு வேளையில் மின்சாரம் நின்றுவிட்டால் முதலிற் காணாமற் போவது எது? விளக்கு என்று வாசகர்கள் கூறக்கூடும். படிக்கட்டின் கடைசிப் படி என்போம் நாம். மேலிருந்து இறங்கிவரும் கால், இன்னும் ஒரு படி இருப்பதாக எண்ணி வெறுந்தரையில் மோதும். அல்லது தரை வந்துவிட்டதாக எண்ணி வெளியில் அடி வைக்கும். முதியவர் ஒருவரின் இடுப்பெலும்பு முறிவதற்கு இவ்வளவே போதுமானது. இருளோடு தீயும் புகையும் சேர்ந்துவிட்டாலோ, கேடு எலும்போடு நிற்பதில்லை.

இந்நாட்டவர்க்கு இருள் புதிதன்று. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடிக் காலத்தில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டதை எவரும் மறந்திரார். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிறு முற்பகலில், நாடு முழுவதும் ஒரே வேளையில் மின்சாரத்தை இழந்தது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்று அமைச்சர் அறிவித்ததும், உலகப் பத்திரிகைகள் அதனை எழுதி நகைத்ததும் நினைவிருக்கும். அது பகல் வேளையாயிற்றே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. யன்னலே இல்லாத உட்படிக்கட்டுகள் பல மாடிக் கட்டிடங்களில் உள்ளன. அவற்றுக்கு நண்பகலும் நள்ளிரவும் ஒன்றே.

ஆகவேதான், இருளில் தானே ஒளிரும் பூச்சுக்களைப் பற்றி இவ்வாரம் எழுத விரும்பினோம். கடைகளில் இவை சிறிய போத்தல்களிலும் பெரிய பேணிகளிலும் விற்பனைக்கு வருகின்றன; படிகளில் ஒட்டுவதற்கான பட்டைகளாகவும் கிடைக்கின்றன. இவற்றை வாங்குவோர் பூச்சின் விலையைப் பார்க்கின்றனர், நிறத்தைப் பார்க்கின்றனர், எத்தனை மணிநேரம் ஒளிரும் என்று விசாரிக்கின்றனர். தமது படிக்கட்டில் எரியும் மின்குமிழை அண்ணாந்து பார்ப்பவர் மிகச் சிலரே. முதலிற் பார்க்கவேண்டியது அதையேயாகும். ஏனெனில் இப்பூச்சு ஒளியை உண்டாக்குவதில்லை. தன்மேல் விழுந்த ஒளியை வாங்கி வைத்திருந்து, இருள் வந்ததும் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுக்கின்றது. சட்டியில் இருந்தாலல்லவா அகப்பையில் வரும்?

இது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. பூச்சிலுள்ள நுண்ணிய பளிங்குத் துகள்களின்மேல் ஒளி விழும்போது, அங்குள்ள இலத்திரன்கள் சில மேலான சத்திநிலைக்கு எழுகின்றன. அவற்றுட் பல உடனே பழைய நிலைக்குத் திரும்பாமல், பளிங்கின் கட்டமைப்பில் உள்ள குழிகள் போன்ற இடங்களில் அகப்பட்டுக்கொள்கின்றன. சுற்றுப்புறத்தின் வெப்பம் அவற்றை ஒவ்வொன்றாக உதைத்து விடுவிக்கின்றது. விடுபட்ட இலத்திரன் தன் இடத்துக்கு மீளும்போது ஒளி பிறக்கின்றது. குழி ஆழமாயிருந்தால் ஒளி நெடுநேரம் நிலைக்கும். ஆழமற்றதாயின் விரைவில் தீர்ந்துவிடும். வெப்பமான இடத்தில் இப்பூச்சு சற்றுக் கூடுதலாக ஒளிர்ந்து சற்று விரைவில் மங்குவதற்கும், குளிரான இடத்தில் மங்கலாக ஒளிர்ந்து நீடிப்பதற்கும் இதுவே காரணம்.

இவ்வொளியைப் பொசுபரொளிர்வு என்று பாடநூல்கள் கூறும். பெயரைக் கண்டு இது பொசுபரசுவின் செயல் என எண்ணிவிடலாகாது. 1669 இல் ஹாம்பேர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் கண்ட பொசுபரசு, காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்வதால் ஒளிர்வது. அது வேறு கதை. நமது பூச்சின் மூதாதை அதற்கும் முற்பட்டது. இத்தாலியின் பொலோனா நகரில் வின்சென்சோ கஸ்கியறோலோ என்னும் சப்பாத்துத் தைப்பவர், இரசவாதத்தில் நாட்டங்கொண்டு, 1603 ஆம் ஆண்டளவில் அருகிலுள்ள மலையில் எடுத்த பாரமான கல்லைக் கரியோடு சேர்த்துச் சூளையிலிட்டார். பொன் கிடைக்கவில்லை. வெயிலில் வைத்தெடுத்தால் இருளில் ஒளிரும் கல்லொன்று கிடைத்தது. அதிலிருந்தது பேரியம் என்பது நெடுங்காலத்தின் பின்னரே தெரியவந்தது.

அதன்பின் வந்த ஒரு பூச்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியுள்ளது. முதலாம் உலகப் போர்க் காலத்தில், றேடியத்தை நாகசல்பைட்டோடு கலந்து, இரவு பகலின்றி ஒளிரும் பூச்சொன்றை அமெரிக்காவில் விற்றனர். இதற்கு வெளிச்சம் ஊட்டத் தேவையில்லை. றேடியத்தின் கதிர்களே நாகசல்பைட்டை ஓயாது தட்டியெழுப்பிக்கொண்டிருந்தன. மணிக்கூட்டு முகங்களில் இலக்கங்களை எழுதும் வேலைக்கு இளம் பெண்களை அமர்த்தினர். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பித்தனர். றேடியம், கல்சியத்தைப் போலவே, எலும்பிற் சென்று தங்குவது. தாடையெலும்பு சிதைந்தும் இரத்தம் குன்றியும் பலர் மாண்டனர். நியூ ஜேர்சியில் கிறேஸ் பிறையர் என்ற பெண்ணும் அவருடைய தோழியர் நால்வரும் தொடுத்த வழக்கு 1928 இல் இணக்கமாக முடிவுற்றது. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றில் அவ்வழக்குக்கு ஓர் இடம் உண்டு. அப்பூச்சை ஆக்கிய சபின் வொன் சொசொக்கி என்பவரும் அதே 1928 இல் அந்நஞ்சுக்கே இரையானார்.

இதனை இங்கு எழுதுவது வெறும் வரலாற்று ஆசையினால் அன்று. றேடியம் பாதியாகக் குறைவதற்கு ஏறக்குறைய 1600 ஆண்டுகள் செல்லும். ஆனால் அதனோடு கலந்த நாகசல்பைட்டு சில ஆண்டுகளிலேயே நைந்து ஒளிரும் ஆற்றலை இழந்துவிடும். ஆகவே பாட்டனார் காலத்து மணிக்கூடோ, பழைய விமானக் கருவியோ வீட்டில் இருந்து, அதன் இலக்கங்கள் மஞ்சளாகவோ கபிலமாகவோ தடித்துக் காணப்பட்டு, இருளில் ஒளிராதிருப்பின், அதில் ஒன்றுமில்லை என்று கருதிச் சுரண்டிப் பார்க்கக் கூடாது. கண்ணாடியைத் திறவாது வைத்திருப்பதே தக்கது. பிள்ளைகள் கையிற் கொடுக்கவும் வேண்டாம்.

இன்றைய பூச்சு அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. செம்பு சிறிதளவு சேர்த்த நாகசல்பைட்டு நெடுங்காலம் வழக்கிலிருந்தது. அது கதிர்த்தொழிற்பாடு அற்றது. ஆயினும் விரைவில் மங்கிவிடும். 1993 இல் ஜப்பானிய நெமோட்டோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஸ்ரொன்சியம் அலுமினேற்றில் யூரோப்பியம், டிஸ்புரோசியம் என்னும் இரு அருமண் மூலகங்களைச் சிறிதளவு சேர்த்தபோது, முன்னையதிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு பிரகாசமும் பத்து மடங்கு நீடிப்பும் உடைய பொருளைப் பெற்றனர். ஸ்ரொன்சியம் என்றதும் அணுகுண்டுப் பரிசோதனைகளில் வெளிவந்த ஸ்ரொன்சியம் 90 நினைவுக்கு வந்து சிலர் அஞ்சுவர். அச்சம் வேண்டியதில்லை. பூச்சில் உள்ளது நிலத்திலிருந்து எடுக்கப்படும் சாதாரண ஸ்ரொன்சியம். அதிற் கதிர்த்தொழிற்பாடு இல்லை.

இனி, இப்பூச்சு உண்மையில் உயிர்காக்க உதவுமா, விளையாட்டுப் பொருள்தானா என்ற வினாவுக்கு வருவோம். இதற்கு விடை தேடுபவர்கள் நியூயோர்க் நகரத்துப் படிக்கட்டு ஒன்றில் இறங்கிப் பார்க்க வேண்டும்.

அந்நகரின் உலக வர்த்தக மையத்தில் 110 மாடிகள் கொண்ட இரு கோபுரங்கள் நின்றன. 1993 பெப்ரவரி 26 ஆம் திகதி நண்பகலில், நிலத்தின் கீழிருந்த வாகனத் தரிப்பிடத்தில் வானொன்றில் வைக்கப்பட்ட குண்டு வெடித்தது. அறுவர் மாண்டனர்; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மின்சாரம் அற்றது. அவசரத்துக்கென வைத்திருந்த மின்பிறப்பாக்கிகளும் நின்றுபோயின. படிக்கட்டுக் கூடுகள் புகைபோக்கிகளாக மாறின. பல்லாயிரம் மக்கள், முன்னால் நிற்பவரின் தோளைப் பற்றிக்கொண்டு, கண் தெரியாத புகையிலும் இருளிலும் மணிக்கணக்காக இறங்கினர். கட்டிடம் விழவில்லை, தீ மேலே பரவவுமில்லை. வெறும் இருள்தான் அத்தனை பேரையும் அத்தனை நேரம் அங்கே நிறுத்தி வைத்தது. அதன்பின் அக்கோபுரங்களின் படி விளிம்புகளிலும் கைப்பிடிகளிலும் வாயில்களிலும் ஒளிரும் பூச்சு இடப்பட்டது. அவசர விளக்குகளுக்குப் பற்றரிகளும் பொருத்தப்பட்டன.

2001 செப்ரெம்பர் 11 ஆம் திகதி அதே படிக்கட்டுகளால் மக்கள் மீண்டும் இறங்க நேர்ந்தது. விமானங்கள் மோதிய மாடிகளுக்குக் கீழே இருந்தோரில் நூற்றுக்கு 99 பேர் உயிர் தப்பினர் என்று அமெரிக்க அரசின் ஆய்வு கூறுகின்றது. தமக்கு உதவியவற்றைக் கூறும்போது படிகளிலிருந்த ஒளிர்கோடுகளைக் குறிப்பிட்டோரும் அவர்களிடையே உளர். எனினும் அப்பெருமை முழுவதையும் பூச்சுக்கே சூட்டுவது நேர்மையாகாது. அன்று காலை கட்டிடங்கள் நிறைந்திருக்கவில்லை. படிக்கட்டு விளக்குகள் பல எரிந்துகொண்டிருந்தன. 1993 இன் பின் வெளியேறும் பயிற்சிகளும் நடத்தப்பட்டிருந்தன. இவையனைத்தோடும் சேர்ந்து பூச்சும் தன் பங்கைச் செய்தது என்பதே சரி. நியூயோர்க் நகரசபை அப்பங்கைச் சிறிதென்று கருதவில்லை. 2004 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 75 அடியும் அதற்கு மேலும் உயரமான அலுவலகக் கட்டிடங்கள் எல்லாம், புதியனவும் பழையனவும், 2006 யூலை 1 ஆம் திகதிக்குள் இக்கோடுகளை இட வேண்டியனவாயின. மின்கம்பி இழுக்கவும் சுவரை உடைக்கவும் தேவையில்லாத ஏற்பாடாதலால் பழைய கட்டிடங்களுக்கும் விதிக்க முடிந்தது.

கடலிலும் இதே பாடம் கற்கப்பட்டது. 1990 ஏப்ரல் 7 ஆம் திகதி, ஒஸ்லோவிலிருந்து டென்மார்க் நோக்கிச் சென்ற ஸ்கண்டினேவியன் ஸ்ரார் என்னும் பயணிகள் கப்பலில் தீப்பற்றி 159 பேர் இறந்தனர். அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றது தீயன்று, புகையே. இத்தகைய விபத்துக்களின் பின்னர், 1993 இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு பயணிகள் கப்பல்களுக்குத் தாழ்வான வழிகாட்டி ஒளி பற்றிய விதிகளை வகுத்தது. அவ்வொளி தளத்திலிருந்து 300 மில்லிமீற்றருக்கு, அதாவது ஓரடிக்கு, மேற்படாத உயரத்தில் இருத்தல் வேண்டும். காரணம் எளிது. சூடான புகை மேலே எழும். கூரையோடு ஒட்டிய ‘வெளியேறும் வழி’ என்ற பலகையைத்தான் அது முதலில் மறைக்கும். குனிந்தும் தவழ்ந்தும் செல்பவனின் கண்ணுக்கு எட்டுவது சுவரின் அடிப்பாகமே.

வீட்டுக்கும் பாடசாலைக்கும் கடைக்கும் பூச்சிடுவோர் இவ்வொன்றை மறவாதிருந்தாற் பாதி வேலை முடிந்ததாகும். கோடு கீழே இருக்க வேண்டும். இடையில் அறாது தொடர வேண்டும். ஆங்காங்கே பொட்டு வைத்தாற்போல் இடுவதில் பயனில்லை. சுவரின் அடியில் ஓடும் கோடு, ஒவ்வொரு படியின் விளிம்பும், கைப்பிடியின் மேற்புறம், வெளிக்கதவின் நிலையும் அதன் பிடியும், வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் தூணின் மூலை: இவையே இடங்கள். படி விளிம்புக் கோடு ஓர் அங்குலம் முதல் இரண்டங்குலம் வரை அகலமாக, படியின் முழு நீளத்துக்கும், முனையிலிருந்து அரை அங்குலத்துக்கு மேல் உள்ளே தள்ளாமல் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. பத்துப் படிகளில் எட்டுக்கு மட்டும் இடுவது ஒன்றுமே இடாததிலும் ஆபத்தானது. ஒளியை நம்பி இறங்கும் கால், ஒளியில்லாத இடத்தைத் தரையென்று கொள்ளும்.

இன்னொன்றும் சொல்வோம். கோடு கொண்டுபோய்விடும் கதவு திறக்கக் கூடியதாயிருக்கிறதா என்று பார்த்தீர்களா? கள்வருக்கு அஞ்சி இரவில் இரும்புக் கம்பிக் கதவைப் பூட்டித் திறப்பைக் காவலாளியின் சட்டைப்பையில் வைத்திருக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அத்தகைய கதவுக்கு ஒளிரும் பூச்சு இடுவது, மக்களை அழைத்துச் சென்று பொறியில் விடுவதற்கு ஒப்பாகும். முதலில் பூட்டுக்கு ஒரு வழி செய்துவிட்டுப் பின்னர் பூச்சை வாங்கலாம்.

இப்போது கடைக்குச் செல்வோம். அங்கே ஒன்றுபோலத் தோன்றும் மூன்று பொருள்கள் இருக்கும். பளிச்சென்ற செம்மஞ்சளும் இளம்பச்சையுமாகக் கண்ணைப் பறிக்கும் புளோரொளிர்வுப் பூச்சு ஒன்று; ஒளி விழும் வரையில் மட்டும் அது மின்னும், விளக்கை அணைத்த கணமே அதுவும் அணையும். வீதிப் பலகைகளில் உள்ளதுபோல் வாகன விளக்கைத் திருப்பியனுப்பும் பட்டை மற்றொன்று. இருட்டறையில் அது வெறுந்தாளே. நமக்கு வேண்டிய மூன்றாவது வகை, பகலில் வெளிறிய மஞ்சட்பச்சையாக, அழகின்றி, பழந்தயிர் போலக் காணப்படும். அழகாயிருக்கிறதே என்று முதலிரண்டையும் வாங்கி வந்து படியிற் பூசிவிட்டு ஏமாறுவோர் அநேகர். சிறுவர் கைவேலைக்கு விற்கப்படும் சிறு போத்தல்களிலும் ஒளிர்துகள் மிகக் குறைவாகவே இருக்கும். படிக்கட்டுக்கு அவை ஆகா.

நிறத்திலும் ஆசை வைக்கக் கூடாது. நீலம், சிவப்பு, செம்மஞ்சள் ஆகிய நிறங்களில் ஒளிர்வனவும் உண்டு. ஆனால் இருளில் நம் கண் பச்சைக்கும் நீலப்பச்சைக்குமே கூர்மையாக இருக்கின்றது. சிவப்பை அது ஏறக்குறைய உணர்வதேயில்லை. ஆதலால் பச்சையாக ஒளிர்வதையே தெரிவு செய்க. சுவரின் நிறத்தோடு பொருந்த வேண்டும் என்று வேறு வர்ணத்தைக் கலப்பது பூச்சைக் கொல்வதாகும்.

பேணியில் ‘12 மணிநேரம் ஒளிரும்’, ‘24 மணிநேரம் ஒளிரும்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அது பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆனால் அதன் பொருளை அறிந்துகொள்ள வேண்டும். ஜேர்மன் நியமப்படி, சதுர மீற்றருக்கு 0.3 மில்லிகண்டெலா என்ற அளவுக்கு ஒளி குறையும் வரை கணக்கிடுவர். நெடுநேரம் இருளிற் பழகிய கண்ணுக்கே அவ்வொளி புலப்படும். வெளிச்சமான அறையிலிருந்து திடீரெனப் படிக்கட்டுக்கு ஓடிவருபவனுக்கு அதனால் யாது பயன்? கண் இருளுக்கு முற்றாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் செல்லும். ஆகவே எத்தனை மணிநேரம் என்று கேளாமல், 10 நிமிடத்தின் பின் எவ்வளவு, 60 நிமிடத்தின் பின் எவ்வளவு என்று கேட்க வேண்டும். கப்பல்களுக்கான விதி 10 நிமிடத்தில் 15 மில்லிகண்டெலாவும் 60 நிமிடத்தில் 2 மில்லிகண்டெலாவும் குறையாதிருக்க வேண்டும் என்கிறது. நல்ல உற்பத்தியாளர் இவ்விரு எண்களையும், எவ்வளவு வெளிச்சத்தில் வைத்து அளந்தார் என்பதையும் தருவர். தராதவரிடம் வாங்காதிருப்பதே மேல். கடைக்காரர் மின்சூளை அருகிற் பிடித்து, உடனே அணைத்து, மேசையின் கீழே காட்டும் வித்தையைக் கண்டு மயங்க வேண்டாம். முதல் நிமிடத்தில் எல்லாப் பூச்சும் அழகுதான்.

முன்னர் சொன்ன மின்குமிழுக்கு மீண்டும் வருவோம். இப்பூச்சை ஊட்டுவது நீலமும் கழியூதாவுமான ஒளியே. வெயில் சில நிமிடங்களில் ஊட்டிவிடும். வெண்மையான எல்.ஈ.டி. விளக்கும் குழாய் விளக்கும் நன்கு ஊட்டும். மஞ்சள் ஒளி தரும் எல்.ஈ.டி. குமிழும் பழைய இழைக் குமிழும் குறைவாக ஊட்டும். மஞ்சட் சோடிய விளக்கு அனேகமாக ஊட்டுவதேயில்லை. அமெரிக்கக் கட்டிட விதிகள், படிக்கட்டின்மேல் குறைந்தது 11 லக்ஸ் வெளிச்சம் ஒரு மணிநேரம் விழுந்திருக்க வேண்டும் என்றும், கட்டிடத்தில் ஆட்கள் இருக்கும் வரை அவ்வெளிச்சம் அணையக் கூடாது என்றும் கூறுகின்றன. நம் அடுக்குமாடிகளில் இப்போது ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்குகளைப் பொருத்துகின்றனர். மின்கட்டணத்துக்கு அது நல்லது. ஆனால் இரவு 2 மணிக்கு மின்சாரம் நின்றால், பல மணிநேரம் இருளிலேயே கிடந்த பூச்சு எதைத் திருப்பிக் கொடுக்கும்? அத்தகைய படிக்கட்டில், மாடிக்கொரு சிறிய வெண்குமிழையாவது இரவு முழுவதும் எரியவிட வேண்டும். அதற்கு உடன்பாடில்லையாயின், பூச்சுக்குச் செலவிடும் பணத்தைப் பற்றரி விளக்குக்குச் செலவிடலாம். எப்படியாயினும் பூச்சு இருப்பதால் அவசர விளக்கு வேண்டாம் என்று எவரும் தீர்மானித்துவிடலாகாது. ஒன்று மற்றதற்கு மாற்றன்று.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்து அறியலாம். பூச்சிட்ட அட்டையொன்றை எடுத்து, இரவு முழுவதும் பெட்டியில் இட்டு ஒளியைத் தீரவிடுக. மறுநாள் அதன் ஒரு பாதியைச் சிவப்பு நிறச் செலபேன் தாளாலும் மறுபாதியை நீலத் தாளாலும் மூடி, சற்றுநேரம் வெயிலில் வைத்து, இருட்டறைக்குக் கொண்டுவந்து தாள்களை நீக்குக. நீலத்தின் கீழிருந்த பாதி ஒளிரும்; சிவப்பின் கீழிருந்தது மங்கிக் கிடக்கும். சிவப்பொளியின் அளவு எவ்வளவு கூடினாலும் அதன் ஒவ்வொரு துணிக்கைக்கும் உள்ள சத்தி போதாது என்ற பௌதிக உண்மை கண்முன்னே நிற்கும்.

பூசும் வேலையில், நாம் அறிந்தவரை, கெடுவது பெரும்பாலும் அவசரத்தாலும் சிக்கனத்தாலுமே. புதிய சீமெந்தாயின் நான்கு வாரமாவது காயவிட வேண்டும். பழைய படியாயின் எண்ணெய், பாசி, உதிரும் வர்ணம் யாவற்றையும் நீக்கி, கழுவி, முற்றாக உலரவிட வேண்டும். ஈரம் கசியும் சுவர் ஒளிர்பூச்சுக்குப் பகை. ஸ்ரொன்சியம் அலுமினேற்று நீர்பட்டாற் சிறிது சிறிதாகச் சிதைவது. நீரிற் கலந்த பூச்சை வாங்குவதாயின், நீர்காப்பு உறையிட்ட துகள் கொண்டதா என்று விசாரித்து வாங்குக. அடுத்து, தூய வெள்ளை நிறத்தில் அடிப்பூச்சு அவசியம். ஒளிர்பூச்சு ஓரளவு ஒளிபுகவிடுவது; கீழே வெள்ளையிருந்தால் உட்புறம் செல்லும் ஒளி திரும்பி வெளியே வரும். சாம்பல்நிறச் சீமெந்தின்மேல் நேராகப் பூசினால் அந்தப் பங்கைச் சீமெந்தே விழுங்கிவிடும்.

ஒளிர்துகள் பாரமானது, பேணியின் அடியிற் படிந்துவிடும். தொடங்குமுன் மட்டுமன்றி, இடையிடையேயும் கிளற வேண்டும். கிளறுவதற்கு மரக்குச்சி நல்லது. துகள்கள் மிகக் கடினமானவை; இரும்புக் கரண்டியால் வேகமாகக் கடைந்தால் இரும்பு தேய்ந்து பூச்சைச் சாம்பல் நிறமாக்கும். மெல்லியதாக்கி அதிக இடத்துக்குப் பூசுவதே பூசுவோரின் கைப்பழக்கம். இங்கே அது கூடாது. சாதாரண வர்ணம் சுவரை மூடினாற் போதும். இதுவோ பண்டசாலை போன்றது. தடிப்புக் குறைந்தால் சேமிப்புக் குறையும். ஒரு லீற்றர் எத்தனை சதுர மீற்றருக்கு என்று பேணியிற் குறித்திருப்பதற்கு மேல் ஓரங்குலமும் நீட்ட வேண்டாம். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் அடுத்தது என, இரண்டோ மூன்றோ பூச்சுக்கள் இடுக. நேர்கோடு வேண்டுமாயின் இருபுறமும் ஒட்டுத்தாள் ஒட்டி, கடைசிப் பூச்சு முற்றாகக் காயுமுன் அதனை உரித்துவிட வேண்டும்.

காலடிபடும் இடத்தில் நிறமற்ற மேற்பூச்சு ஒன்று வேண்டியிருக்கும். அதில் இரண்டு எச்சரிக்கைகள். கழியூதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு எனப் பெருமையோடு விற்கப்படுவதை வாங்கினால், அது ஊட்டும் கதிரையே தடுத்துவிடும். பளபளப்பான மேற்பூச்சு ஈரத்தில் வழுக்கும்; அதிற் சிறிதளவு நுண்மணல் தூவுவதுண்டு. விழாமலிருப்பதற்காகச் செய்த வேலை விழுத்துவதாய் முடியக் கூடாதல்லவா? எம்மைக் கேட்டால், படி விளிம்புகளுக்கு வழுக்காத மேற்பரப்பும் ஒளிர்பட்டையும் சேர்த்துச் செய்யப்பட்டு ஆணியால் அறையும் உலோகப் பட்டைகளை வாங்குவதே சிறந்தது என்போம். விலை கூடுதலாயினும் ஆண்டுதோறும் பூசும் வேலை மிச்சம். சுவரடிக்கும் கைப்பிடிக்கும் கதவு நிலைக்கும் பூச்சே போதும்.

வீட்டின் வேறு இடங்களில் அலங்காரமாக இதனைப் பூசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பிள்ளைகளின் படுக்கையறைக் கூரையில் நட்சத்திரம் ஒட்டுவதில் தவறில்லை. ஆனால் வெளியேறும் வழியில் ஒளிரும் ஒவ்வொன்றும் ஒரு செய்தி சொல்வதாயிருக்க வேண்டும். படிக்கட்டுச் சுவரில் ஒளிரும் பூவும் கிளியும் வரைந்தால், புகையில் தடுமாறுபவன் பூவைப் படியென்று கொள்வான்.

பூசி முடித்தபின் அதிகம் செய்வதற்கில்லை. மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துத் தூசி நீக்கினாற் போதும். தூசி இருமுறை வரி வாங்குகின்றது, ஒளி உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை. ஆண்டுக்கொருமுறை இரவில் படிக்கட்டு விளக்கை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் பொறுத்து, வீட்டார் எல்லோரும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல இறங்கிப் பார்க்க வேண்டும். எங்கே கால் தயங்குகிறதோ அங்கே கோடு தேய்ந்திருக்கும். பெரும்பாலான இடங்களில் இப்பூச்சு தேய்ந்து அழிவதுமில்லை. மேலே வேறு வர்ணம் பூசப்பட்டே அழிகின்றது. அதன் குணம் அறியாத ஒருவருக்கு அது சுவரடியில் உள்ள அழுக்கு மஞ்சட் கோடாகவே தோன்றும். ஆகையால் அடுத்தமுறை கட்டிடத்துக்கு வர்ணம் பூச ஆட்கள் வரும்போது, அக்கோட்டின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டியபின்னரே தூரிகையை நனைக்கும்படி சொல்லிவைக்க வேண்டும். வேலை முடிந்த அன்றே அத்தாளை உரித்தெடுக்கவும் சொல்ல வேண்டும்.